எர்த் வயரும் மீன் எண்ணெயும்

இன்று காலை மேலப்பாளையத்தில் என் கடைக்கு ஒரு கார் வந்தது. டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டதும் மீன் எண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. ஓட்டி வந்தவர் உம் கடலோர உவரிக்காரர். நீர் கண்ணை மூடி இரண்டு வருஷமாகியும் உம் யோசனையைக் கேட்டு ஊரே காருக்கு எண்ணெய் பூசுகிறது போல. சிரித்துவிட்டேன். நீர் இல்லாதது எனக்குப் பெரிய குறைதான் வே.

உம் மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் என்னை என்ன பாடு படுத்தினீர்! உம் காரில் நான் மாட்டிக் கொடுத்த ஸ்டீரியோ குழியில் இறங்கினால் அணையும், அடுத்த குலுக்கலில் பாடும். ஃபியூஸை மாற்றினேன், பேட்டரியைச் சோதித்தேன், கரண்ட் வருகிற வயரைப் புதிதாக இழுத்தேன். கார் உடம்போடு முடுக்குகிற எர்த் வயரை மட்டும் பார்க்கவில்லை. நானே முடுக்கியதாயிற்றே என்ற மிதப்பு.

"உம்ம செட்டு ரெண்டு வரி பாடிட்டு சோடா குடிக்கப் போயிருது வே" என்று நாலு பேர் முன்னால் சொல்வீர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் மட்டும் கேலியில்லாமல் சொன்னீர்: "பிள்ளையை நானே பாளையங்கோட்டையில மாப்பிள்ளை வீட்டுல கொண்டு விடணும். பாட்டு இல்லாம, அவ்வளவு தூரம் அழாம ஓட்ட என்னால முடியாது வே." அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கல்யாணத்தன்று கோயிலுக்குள் கல்யாணப் பூசை நடக்க, வாசலில் நான் புது வேட்டியோடு காருக்குள் மல்லாந்து கிடந்தேன். எர்த் வயரின் போல்ட்டைத் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்கக் கூடாதென்று, அதைக் கழற்றி மீன் எண்ணெய் பூசித் திரும்ப முடுக்கியிருக்கிறீர். எண்ணெய்ப் பிசுக்கு மேல் வயர் உட்கார்ந்தால் கரண்ட் எப்படிப் போகும்?

பூசை முடிந்து வந்தவரிடம் கத்தினேன். "கடல்ல போற வள்ளத்துக்கு ஆகுது, காருக்கு ஆகாதாக்கும்?" என்றீர், கொஞ்சமும் கூச்சமில்லாமல். உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினேன். பாட்டு பிய்த்துக்கொண்டு கிளம்பியது.

திசையன்விளை தாண்டி எத்தனையோ குழிகள். ஒன்றிலும் நிற்கவில்லை. உம் பக்கத்தில் நான் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். நாங்குநேரிப் பக்கம் நீரே செட்டை அணைத்தீர்.

"ஏம்வே அமத்தினீரு?"

"பைய பேசும் வே. பிள்ளை பேசுதா."

பின்சீட்டில் அவள் மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்கப்பா வந்தா காப்பில சீனி கேப்பாவ. கெஞ்சுவாவ. குடுத்திராதிய."

சிரித்துக்கொண்டே அழுதீர். கார் மட்டும் நேராகத்தான் போனது.

கார் செட் விற்றுப் பிழைக்கிறவன் நான். ஆனாலும் என் மகள் காரில் ஏறினால், அவள் இறங்கும்வரை பாட்டுப் போடுவதில்லை.