ரிங்குக்கடியில் நின்றிராத உனக்கு

காரின் டிக்கியைத் திறந்ததும் வெயிலில் வெந்த ரப்பர் வாசனை முகத்தில் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை மகளைக் காந்திபுரத்தில் பஸ் ஏற்றிவிட்டபோது கூடைப்பந்தை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டாள். அது உள்ளேயே கிடந்து வெந்திருக்கிறது. உன் ஞாபகம் வந்தது என்று எழுதினால் நீ சிரிப்பாய். வந்தது சந்தேகம்தான். நீ போய்ச் சேர்ந்த பிறகும் உன் மேல் எனக்கிருக்கும் சந்தேகம் தீரவில்லை.

பள்ளி அணியில் நீ கார்டு, நான் சென்டர். பந்தைத் தட்டிக்கொண்டு வந்து யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது உன் வேலை. ரிங்குக்கு முதுகைக் காட்டி, பின்னால் நிற்பவளின் முழங்கை விலாவில் குத்தக் குத்த, கையைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பது என் வேலை. நீ லேசில் கொடுக்க மாட்டாய். கேட்டால், "உன்ற கை பந்து கேக்குது, காலு தூங்குது. எப்படிக் குடுக்கறது?" என்பாய். கொடுக்காமல் இருக்க உன்னிடம் எப்போதும் ஒரு காரணம் இருக்கும். அப்போதே உன்னை நான் முழுதாக நம்பவில்லை.

பல வருடம் கழித்து, மகளைச் சேர்த்த பள்ளியில் நீ விளையாட்டு ஆசிரியை. என் உயரம் அவளுக்கு வந்திருந்தது. பார்த்த மாத்திரத்தில் அவளைச் சென்டர் ஆக்கிவிட்டாய். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தேன். வாழ்நாளில் ஒரு முறைகூட ரிங்குக்கடியில் நின்று இடி வாங்காதவள் அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பாள்? என் கணவரின் பட்டறையில் லேத் ஓட்டத் தெரியாதவரைச் சூப்பர்வைசராகப் போட்டால் ஆட்கள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?

அதனால் வேவு பார்க்க வந்தேன். பள்ளி மதிலுக்கு வெளியே ஸ்கூட்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமல் கம்பிக்கேட் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் கத்தினாய்.

"ஏனுங்க அம்மணி, வண்டிய நிறுத்தினதுக்கப்பறமும் ஹெல்மெட் எதுக்குங்க? பந்து மண்டைல உழுந்துருமுன்னுங்களா?"

பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். மகள் முகத்தைப் பனியனுக்குள் மறைத்துக்கொண்டாள்.

ஆனால் நான் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன். எந்தப் பக்கம் நகர வேண்டும், கையை எங்கே காட்ட வேண்டும், பந்து வந்ததும் யாரைப் பார்க்க வேண்டும் என்று நீ சொல்லிக்கொடுத்ததெல்லாம், பந்து கொடுப்பவளின் கண்ணுக்குத் தெரிகிற சென்டர். பின்னால் ஒருத்தி இடிக்கிறாள், அந்த இடியை எங்கே வாங்குவது என்பது பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

அந்த வாரத்தில்தான் மகள் என்னிடம் வந்து, "அம்மா, பின்னாடி இடிச்சா எப்படி நிக்கோணும்?" என்று கேட்டாள். எனக்கு வெற்றி பெற்ற மாதிரி இருந்தது. உனக்குத் தெரியாமல் மொட்டைமாடியில் பாடம் ஆரம்பித்தேன். முழங்காலை மடக்கு, இடுப்பை இறக்கு, பின்னால் நிற்பவள் மேல் சாய். நானே பின்னால் நின்று இடித்தேன். கீழ்வீட்டுக்காரர், "மேல என்னங்க, மாவு மில்லு போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார்.

அடுத்து ஈரோட்டில் ஆட்டம். மகள் நான் சொன்னபடியே சாய்ந்தாள். பின்னால் நின்ற பெண் சட்டென்று விலகிக்கொண்டாள். மகள் மல்லாந்து விழுந்தாள். பந்து எங்கேயோ உருண்டது. எங்கள் காலத்தில் யாரும் விலக மாட்டார்கள், முட்டிக்கொண்டே நிற்பார்கள். விலகவும் செய்வார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆட்டம் முடிந்ததும் நீ என்னிடம் வந்தாய். "ஊட்ல இன்னொரு கோச் இருக்காங்களாட்ட இருக்குது" என்றாய்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ எப்பவாச்சும் அங்க நின்னு பாத்திருக்கியா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்குச் சொல்லித்தாரே?"

"நீ நின்னே. உன்ன நீ பாத்ததில்ல. நாந்தான் பாத்தேன்."

மாவட்டத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அது போய்விட்டால் அவளுக்கு அந்த வருடமே போன மாதிரி. சென்டர் ஆடின ஒருவரிடம் அவளைச் சேர்க்கப்போகிறேன் என்று சொன்னேன். "கூட்டிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு பாட்டில் தண்ணீரைக் குடித்தாய். அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. மகள்தான் வர மறுத்துவிட்டாள். அன்று சாயங்காலம் மாடியில் முன்னைவிட வேகமாக இடித்தேன். சாயாதே, உன் எடையை உன் காலிலேயே வைத்துக்கொள் என்று பாடத்தைத் திருத்தினேன். விலகிப் பார்த்தேன், விழாமல் நின்றாள். மாவட்ட அணிக்குத் தேர்வானாள். உன்னால் அல்ல, என்னால்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். உன்னிடம் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது, சரியாகப் பேச முடியாத அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு நீ கேட்டது, "இப்பவும் சாயறாளா?" என்றுதான். இல்லை என்றேன். கண்ணை மூடிக்கொண்டாய். உடம்பு வலி என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காரில் மகள் கல்லூரிக் கோச்சைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டே வந்தாள். "அவரு சென்டர் ஆடினவருதானே?" என்றேன்.

"ஆடினாரு. அதனால அவரு ஆடின மாதிரியேதான் நானும் ஆடோணும்ங்கறாரு. அவருக்குத் தெரியாததே இல்ல. மிஸ்ஸா இருந்தா, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிருவாங்க."

"அவ எப்பச் சொன்னா?"

மகள் சிரித்தாள். "ஹெல்மெட் போட்டுட்டு வந்தியே, அன்னிக்குத்தான். 'பின்னால இடிச்சா எப்படி நிக்கறதுன்னு எனக்குத் தெரியாது கண்ணு, உங்கம்மாளுக்குத் தெரியும், போய்க் கேட்டுக்கோ. நாஞ் சொன்னேன்னு மட்டும் சொல்லிப்போடாதே'ன்னாங்க. ஒவ்வொரு நாளும் நீ என்ன சொல்லித்தந்தேன்னு கிரவுண்டுல செஞ்சு காட்டச் சொல்லுவாங்க."

சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

என்னிடமே கேட்டிருக்கலாமே என்று நினைத்தேன். கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும். ஊர் முழுக்கச் சொல்லியிருப்பேன். பார்க்கும்போதெல்லாம் உன்னைக் குத்திக்காட்டியிருப்பேன். அது உனக்கும் தெரியும்; என்னைத்தான் நீ பார்த்துக்கொண்டே இருந்தாயே.

சென்டர் ஆடாதவள் சென்டருக்குச் சொல்லிக்கொடுக்கலாமா என்ற கேள்வியை நான் இப்போது கேட்பதில்லை. என்னிடம் மிஞ்சியிருப்பது வேறு சந்தேகம். ஈரோட்டில், வீட்டில் இன்னொரு கோச் இருக்கிறார் என்று சொன்னாயே, நிஜமாகவே கோபத்தில்தான் சொன்னாயா? அப்படிச் சீண்டினால், ரோஷத்தில் நான் அன்று சாயங்காலமே மாடியேறிப் பாடத்தைத் திருத்துவேன் என்று உனக்குத் தெரியுமா?

தெரிந்துதான் சொல்லியிருப்பாய். அப்படித்தான் சந்தேகப்படுகிறேன்.