பெருக்கல் குறி போடாத ஹெட்

அன்புள்ள அண்ணா,

“இதில் விரிசல் இருக்கிறது” என்று அன்று நான் சொல்லவில்லை. மற்றதை எல்லாம் இதற்குப் பிறகு எழுதினால்தான் என்னால் எழுத முடியும்.

அப்பா ஏன் பட்டறைக்குப் போவதில்லை என்று கேட்டிருந்தாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. கண்ணாடியின் பவர்கூட மாறவில்லை என்றார் கண் டாக்டர். அப்பா நம்பவில்லை. “கண்ணு நல்லா இருந்தா அது எப்படிம்மா தப்பும்?” என்று என்னிடமே கேட்கிறார்.

படகோட்டி இறந்துபோனதை எழுதியிருந்தேன். எந்நேரமும் எதையாவது முனகிக்கொண்டே இருப்பார் என்று நீதானே அவருக்கு ‘ராகம்’ என்று பெயர் வைத்தாய்? அவர் படகு இன்ஜினின் மேல்மூடி, அந்த சிலிண்டர் ஹெட், நம் பட்டறைக்கு வந்திருந்தது. புதிதாகப் போட்டால் வர மூன்று வாரம். பழையதையே சீர் செய்தால் நான்கு நாள். விரிசல் இருந்தால் சீர் செய்யக்கூடாது. அதைப் பார்ப்பது என் வேலை.

நீ போன பிறகும் முறை மாறவில்லை. உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி, வெளியே சாக்பீஸ் தூள் பூசி, அரை மணி நேரம் காத்திருப்பேன். விரிசல் இருந்தால் மண்ணெண்ணெய் கசிந்து தூளில் ஈரக்கோடாகத் தெரியும். தெரிந்தால் பெருக்கல் குறி போடுவேன். அப்புறம் அதை யாரும் தொடுவதில்லை, பழைய இரும்புக்குத்தான்.

ராகம் பக்கத்திலேயே நின்றிருந்தார். “தங்கச்சி, அந்தக் குறிய மட்டும் போட்டுடாத. மூணு வாரம் வீட்ல உக்காந்தா என் பொண்டாட்டி என்னையும் பழைய இரும்புக்குப் போட்டுடுவா” என்றார். பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போதுதான் இரண்டு வால்வுகளுக்கு நடுவே, முடி அளவுக்கு ஒரு கோடு ஈரமாகத் தெரிந்தது.

பழைய கீறலாக இருக்கும் என்று கட்டைவிரலால் துடைத்தேன். மறுபடி வரவில்லை. தூளே இல்லாத இடத்தில் எப்படி வரும்? அப்பா வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். “ஒண்ணும் இல்லையேம்மா?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

சீர் செய்து மாட்டிய பதினொன்றாம் நாள் முகத்துவாரத்தில், காற்று எதிர்த்தடித்த நேரத்தில் இன்ஜின் நின்றது. படகு பாறையில் மோதிக் கிடந்தது. அவரை மறுநாள் எடுத்தார்கள்.

ஹெட்டைக் கழற்றிக் கொண்டுவந்தது அப்பாதான். கோடு இப்போது நகம் நுழையும் அளவுக்கு இருக்கிறது. சாக்கில் சுற்றி என் மேசைக்கடியில் வைத்திருக்கிறேன். எந்த ஹெட்டில் தூள் பூசினாலும் அதே இடத்தில் ஈரம் தெரிகிறது. துடைக்கப் பயமாக இருக்கிறது. பட்டறையில் யாராவது முனகினால் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

அப்பா தன் கண்ணைப் பழிக்கிறார், அண்ணா. அவர் பார்க்கும்போது அங்கே பார்க்க எதையும் நான் மிச்சம் வைக்கவில்லை. இதை அவரிடம் சொல்லும்போது நீ பக்கத்தில் இருந்தால் போதும். திட்ட வேண்டுமென்றாலும் வந்து திட்டு.

நீ நன்றாக இருக்க வேண்டும். கடலைத் தாண்டி வரும்போது பத்திரமாக வா.

உன் தங்கை

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்பே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் சாக்கைப் பிரித்து, சாக்பீஸை என் கையில் கொடுத்தார். குறி போட்டேன். பிறகு இருவரும் ராகத்தின் வீட்டுக்கு நடந்துபோனோம். அவர் மனைவிதான் கதவைத் திறந்தார்.