துரு எண்ணெய் வாசனை

இன்று பேக்கிங்கில், பீஸ் துருப்பிடிக்காமலிருக்க முக்குகிற துரு எண்ணெய் டப்பாவைத் திறந்ததும் உன் சட்டை வாசனை அடித்தது. அடுத்த மெஷினில் நின்று நாளெல்லாம் என்னைக் கேலி செய்தவனே, நீ போய் எட்டு மாதமாகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

கிரைண்டிங் லைனில் நிற்கிற எல்லோருக்கும் கை மரத்துப்போகும். அதிர்வு அப்படி. ஷிப்ட் முடிந்ததும் கையை உதறிக்கொண்டே டீக்கடைக்குப் போவது நம் வழக்கம். அன்று மூன்று மணிக்கு, கேட்டைத் தாண்டும்போது, "வலது கை சுத்தமா மரத்துப்போச்சுடா" என்றாய். "மெஷினு இன்னிக்கு உன்னய நல்லா கவனிச்சிருக்கு" என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய். அறைக்கு வந்து தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டேன். "தூங்கி எந்திரிச்சா சரியாப் போவும், வுடு" என்று படுத்தாய். நானும் விட்டேன். பாவி, நானும் விட்டேன்.

ராத்திரி ஏழரைக்கு எழுப்பினேன். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. என் பெயர்கூட உனக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்டது, "எப்ப ஆரம்பிச்சது?" சொன்னேன். மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டிருக்க வேண்டும், நேரம் தாண்டிவிட்டது என்றார்.

போனில் தேடினேன். நெல்லியில் இருக்கிற ஆன்டி ஆக்சிடன்ட், செல்லைத் துருப்பிடிக்கவிடாமல் மூளையைக் காப்பாற்றும் என்று போட்டிருந்தது. நெல்லிச்சாறும் மாத்திரையும் வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். ஸ்பூனை உன் வாயருகே கொண்டுபோனதும் நர்ஸ் தட்டிவிட்டார். "முழுங்க முடியாதவருக்கு ஊத்தினா நுரையீரலுக்குப் போயிடும்ண்ணா!" டாக்டரம்மாவிடம் கெஞ்சினேன். "எலிங்களுக்குக் கொடுத்துப் பாத்ததுல பலன் தெரிஞ்சுதுங்க. மனுஷங்களுக்கு இன்னும் உறுதியாச் சொல்ல முடியல. மூளையில செத்துப்போன இடத்தை எதுவும் திருப்பித் தராது" என்றார்.

ஒருமுறை துருப்பிடித்த பீஸை நான் எண்ணெயில் முக்கியபோது நீ கத்தினாயே, "ஏறுன துருவ எண்ணெ எடுக்குமாடா? முன்னாடியே முக்கணும்!" அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் அது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

நாலாம் நாள் போய்விட்டாய். உன் ஊர் கல்லாவியில் உன் அம்மா, "நீ கூடத்தான இருந்தே சாமி?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது லைனில் யார் கை மரத்தது என்றாலும் இரண்டு கையையும் தூக்கச் சொல்கிறேன். சிரித்துக் காட்டச் சொல்கிறேன். "டாக்டரு வந்துட்டாருடா" என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். வாய் இரண்டு பக்கமும் ஒன்றாக விரிகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்கிறேன். அன்று கேட்டில் நீயும் சிரித்தாய். நான் உன் கையைத்தான் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை.