உள்ளே ஆள் இருக்கு

மார்ச் 3, செவ்வாய்

தக்காளி பறிப்பு தொடங்கி இன்றோடு பன்னிரண்டு நாள். விரலில் ஏறிய பச்சைக் கறை சோப்புக்கு மசியவில்லை. பதினோரு பெண்களுக்கு ஒரு தகரக் கொட்டகை. புரண்டு படுத்தால் அடுத்தவள் முழங்கை நம் விலாவில் இருக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காலை ஆறிலிருந்து மாலை ஐந்து வரை ஒதுங்க ஓர் இடம் இல்லை, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. செடி முழங்கால் உயரம். ஆண்கள் பெட்டி சுமந்துகொண்டு குறுக்கும் நெடுக்கும் போகிறார்கள். அதனால் நாங்களே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறோம் - தண்ணீரே குடிப்பதில்லை. எங்கள் மூளைக்குப் பரிசு கொடுக்க வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

அண்ணிக்கு இடுப்பு வலி. கேட்டால், "குனிஞ்சு குனிஞ்சு பறிக்கிறோம்ல, அதான்" என்கிறார்.

மார்ச் 9, திங்கள்

பொய். குனிந்ததால் வந்த வலி இல்லை அது. நேற்று முழுக்கக் காய்ச்சல். இன்று இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" என்று நர்ஸ் கேட்டார்.

"காலைல ஒரு டம்ளர். ராத்திரி ஒரு டம்ளர்."

"நடுவுல?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான்தான் காரணத்தைச் சொன்னேன். நர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சிறுநீர்ப் பாதையில கிருமி. இப்படியே போனா கிட்னியப் பிடிச்சிரும். மாத்திரை தரேன், ஆனா நிறையத் தண்ணி குடிக்கணும். இல்லன்னா திரும்பத் திரும்ப வரும்."

மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டார். கழிப்பறைக்கு எங்கே போவது?

மார்ச் 10, செவ்வாய்

எங்களை வேலை வாங்கும் மேஸ்திரியிடம் ஒதுங்க ஓர் இடம் கேட்டேன். "இவ்வளவு பெரிய தோட்டத்துல உங்களுக்கு இடமா இல்ல?" என்று சிரித்தான். பிறகு அண்ணியைப் பார்த்து, "உடம்பு முடியாதவங்க சொல்லுங்க, ஊருக்கு பஸ் ஏத்தி விட்டுடறேன்" என்றான். அண்ணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

மார்ச் 11, புதன்

அண்ணி வெறும் வாயில் மாத்திரையை முழுங்குகிறார். திட்டினேன். பிறகு நானும் தண்ணீர் குடிக்காமல்தான் வேலைக்குப் போனேன்.

மார்ச் 13, வெள்ளி. மதியம்

மேஸ்திரி இஸ்திரி போட்ட சட்டையில் வந்தபோதே சந்தேகப்பட்டேன். பின்னாலேயே டிராக்டர், அதன் வாலில் ஒரு நீலக் கழிப்பறைக் கூண்டு. உள்ளே வாளி, மக்கு, சோப்பு, தாழ்ப்பாள் எல்லாம் இருக்கிறது. இரண்டு வருஷமாக ஷெட்டில் பூட்டிக் கிடக்கிறதாம், தொழிலாளர் அதிகாரி சோதனைக்கு வருகிற அன்றைக்கு மட்டும் வெளியே வருமாம். டிரைவர்தான் சொன்னான்.

அதிகாரி வந்தார். கால் மணி நேரம் நின்றார். நேராக என்னிடம், "இது தினமும் இங்கதான் இருக்குமா?" என்று கேட்டார். அவர் தோளுக்குப் பின்னால் மேஸ்திரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அண்ணி. பஸ் ஏற்றி விடுகிறேன் என்றானே -

"இருக்கும் சார்" என்றேன்.

சீ. ஊரெல்லாம் என்னை வாயாடி என்கிறது. எங்க போச்சு அந்த வாய்? அண்ணிக்காகத்தான் சொன்னேனா, எனக்காகவா?

அதே நாள். மாலை

 

நாலு மணிக்குக் கூண்டை எடுத்துப் போக டிராக்டர் திரும்பி வந்தது. கொக்கி மாட்டியாயிற்று. கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"யார்மா அது, சீக்கிரம் வெளிய வா" என்றான் மேஸ்திரி.

"உள்ளே ஆள் இருக்கு." அண்ணியின் குரல்.

பத்து நிமிஷம் போயிற்று. "இன்னும் எவ்வளவு நேரம்?"

"இருபத்திரண்டு நாளா அடக்கி வச்சது. நேரம் ஆகும்."

அண்ணியா பேசியது? பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காத குரலில் பேசுகிற என் அண்ணியா? பறித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள், டிரைவர் உட்பட. நான் ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். அண்ணி வெளியே வந்தார், நான் உள்ளே போய்த் தாழிட்டேன். எனக்கு அடுத்து பாட்டுக்காரி - எந்நேரமும் ஏதாவது முணுமுணுத்துப் பாடுவாள், அதனால் அந்தப் பெயர். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வரிசை கட்டிவிட்டார்கள். மேஸ்திரி கதவை இடிக்கக் கை ஓங்கினான், ஓங்கிய கையால் தலையைச் சொறிந்தான். பெண் இருக்கிற கழிப்பறைக் கதவை எப்படி உடைப்பான்? இத்தனை நாள் எங்கள் கூச்சத்தில் வேலை வாங்கியவனுக்கு இன்று அவன் கூச்சமே குறுக்கே நின்றது.

"நாளைக்கு ஒருத்தியும் வேலைக்கு வர வேண்டாம்" என்று கத்தினான்.

"சரிங்க" என்றாள் பாட்டுக்காரி உள்ளே இருந்தபடியே. "பழுத்ததெல்லாம் நீங்களே பறிச்சுக்குங்க."

ஆறு மணிக்கு டிரைவர் கொக்கியைக் கழற்றிவிட்டு வெறும் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

மார்ச் 14, சனி

வரவேண்டாம் என்றவன் விடிந்ததும் கொட்டகை வாசலில் நிற்கிறான். "பத்து மணிக்குத் தக்காளி ஏத்த லாரி வந்துரும், கிளம்புங்க." நேற்றைய பேச்சு அவனுக்கு மறந்துவிட்டதாம். இருக்கட்டும். போகிற வழியில் கூண்டு அதே இடத்தில் நின்றது.

மார்ச் 16, திங்கள்

அதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். 'அன்று நான் சொன்னது பொய். பயந்து சொன்னேன். உண்மை இது' என்று தொடங்கி, இரண்டு பக்கம். பதினோரு பேரும் கையெழுத்தும் கைநாட்டும் போட்டார்கள். அனுப்பியதை நானே மேஸ்திரியிடம் சொன்னேன். மறைந்து செய்ய இது என்ன திருட்டா?

மார்ச் 19, வியாழன்

அண்ணிக்கு நான்கு நாளாகக் காய்ச்சல் இல்லை. கேனில் தண்ணீர் பத்து மணிக்கே தீர்ந்துவிடுகிறது. இரண்டாவது கேன் கேட்டிருக்கிறோம்.

மார்ச் 24, செவ்வாய்

இந்த நிலம் முடிந்தது. நாளையிலிருந்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். சாயந்திரம் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மேஸ்திரி வந்தான். என்னிடம் வரவில்லை, நேராக அண்ணியிடம் போய் நின்றான்.

"கூண்ட அந்த நிலத்துல எந்தப் பக்கம் நிறுத்தச் சொல்லட்டும்?"

அண்ணி கையிலிருந்த பெட்டியை நிதானமாக அடுக்கி முடித்தார்.

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்."