நீ மாத்திரையை நிறுத்தியதைச் செல்வியிடம் சொல்லிவிட்டேன்

கூப்பிட்டால் இனி திரும்பிப் பார்க்காத என் ஏழுமலைக்கு,

உன் லேத் மெஷினில் இப்போது வேறு ஒருவர் நிற்கிறார். திருவள்ளூரிலிருந்து வருகிறார், என் வயதுதான். நல்ல வேலைக்காரர், மரியாதையான மனிதர். அவர் மேல் எனக்குக் காரணமே இல்லாமல் கோபம் வருகிறது. போன வாரம் அவர் உன் ஸ்டூலில் உட்கார்ந்தார் என்று கத்திவிட்டேன். அப்புறம் டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டியதாகிவிட்டது.

அண்ணனூரிலிருந்து திருமழிசை வரை இப்போது வண்டியில் தனியாகத்தான் போகிறேன். பருத்திப்பட்டு வந்ததும் பின்னால் திரும்பி ஏதாவது சொல்ல வாயெடுக்கிறேன். பதினெட்டு வருஷப் பழக்கம், அவ்வளவு சீக்கிரம் போகுமா? பக்கத்தில் வருகிறவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

இந்தக் கடிதத்தை நம் யூனிட் ஆட்களும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் முதலிலிருந்து சொல்கிறேன். பொறுத்துக்கொள். நீ உயிரோடு இருந்தால் "இன்னா மாமே, ரீல இத்தினி தபா ஓட்டுற" என்று கேட்டிருப்பாய்.

நம் திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நடந்த மருத்துவ முகாமில் உனக்குக் கொலஸ்ட்ரால் அதிகம் என்று தெரிந்தது. ரத்தப் பரிசோதனைத் தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு எச் போட்டிருந்தார்கள். அதிகம் என்று அர்த்தம். ஆவடி டாக்டர் தினமும் ஒன்று போடச் சொல்லி மாத்திரை எழுதினார். எந்த நேரம் வேண்டுமானாலும் போடலாம், ஆனால் தினமும் அதே நேரத்தில் போட வேண்டும், தன்னைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்றார். நானும் உன் பக்கத்து நாற்காலியில்தானே உட்கார்ந்திருந்தேன்? என் காதிலும்தான் விழுந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடுகிறேன் என்று நீ முடிவு செய்தாய். உன் வீட்டுக்காரி செல்வி அட்டையிலிருந்து ஒரே ஒரு மாத்திரையைக் கத்தரிக்கோலால் வெட்டி, ஓரம் குத்தாமல் இருக்க மூலையை வளைத்து, உன் சாப்பாட்டுப் பையில் தினமும் வைப்பாள். முழு அட்டையைக் கொடுத்தால் தொலைத்துவிடுவாயாம். உன்னைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

மூன்று மாதம் கழித்து இரண்டாவது பரிசோதனை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தாய். சாப்பிட உட்கார்ந்ததும் என் தட்டுக்கு மேலேயே விரித்துக் காட்டினாய்.

"பாத்தியா மாமே, எச் போய்ட்சு. எல்லாம் நார்மலு."

"அப்ப இன்னாத்துக்கு இன்னும் மாத்திரை போட்டுகினு கீற?"

"டாக்டர் போடச் சொல்லிகீறாரே. ஆனா ஒண்ணு, தொடையெல்லாம் ஒரே வலி. ரயில்வே ஸ்டேசன் படி ஏற முடில."

அப்போது நான் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் இங்கே எழுதுகிறேன்.

"அது மாத்திரை வேலதான். ஜாப்ப இறுக்கியாச்சுன்னா சக் சாவிய இன்னா பண்ணுவ?"

"எட்த்துடுவேன்."

"எடுக்காம மெஷின ஓட்டினா?"

"பறந்து வந்து மூஞ்சில அடிக்கும்."

"அதான் மேட்டரு. கொலஸ்ட்ரால் எறங்கிட்சு. சாவிய எடு."

லேத் வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜாப் என்கிற இரும்புத் துண்டை மெஷினின் வாயான சக்கில் வைத்து ஒரு சாவியால் இறுக்குவோம். இறுக்கிய கையோடு சாவியை உருவிவிட வேண்டும். மறந்து மெஷினைப் போட்டால் அது சுழன்று வந்து ஆளை அடிக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்களுக்குச் சொல்லித் தந்தது இதைத்தான். வேலை முடிந்ததும் உள்ளே எதையும் விடாதே. முப்பது வருஷமாக எங்கள் கை அப்படியே பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தைக் கொண்டுபோய் உன் உடம்பில் வைத்தேன், பெரிய மேதாவி மாதிரி.

நீ சிரித்தாய். அன்றைய மாத்திரையை லாக்கரில் இருந்த பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டாய். "ஊட்ல சொல்லாத மாமே, அவ கத்துவா" என்றாய். நான் சொல்லவில்லை. மறுநாளும் போட்டாய், அதற்கு மறுநாளும். இரண்டு வாரத்தில் தொடை வலி குறைந்தது. "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று நான் மார் தட்டினேன். வலி இருக்கிறது என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஏன் நம் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை?

எட்டு மாதம் டப்பா நிறைந்துகொண்டே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி மாவு வாங்கப் போன நீ, கடை வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்கள் என் நம்பருக்குத்தான் முதலில் அடித்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது உன் முகத்தை மூடியிருந்தார்கள்.

அன்றைக்கு உன் தலைமாட்டில் செல்வி அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. "ஒரு நாள் தவறாம மாத்திரை போட்டியே. அப்பவும் உன்ன காப்பாத்தலியே." எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். நானும் கொட்டினேன் மாமே. அதை நினைத்தால் என் வாயிலேயே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது. மறுவாரம் உன் லாக்கரைக் காலி செய்யச் சொன்னார்கள். டப்பாவை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டு வந்து, பரண்மேல் பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

இத்தோடு போயிருந்தால் செத்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவ்வளவு கோழைதான் நான்.

நீ போன ஆறாவது மாதம் செல்விக்குத் தலைசுற்றல் வந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரையும் இருக்கிறது, கொலஸ்ட்ராலும் இருக்கிறது. டாக்டர் அவளுக்கும் அதே மாத்திரையை எழுதிவிட்டார். ஒரு சாயங்காலம் நான் போனபோது பிரிக்காத அட்டை சாமி படத்துக்குக் கீழே கிடந்தது.

"இன்னா செல்வி, மாத்திரை போடலியா?"

"எதுக்குண்ணே? அந்த மனுசன் எத்தினி மாசம் உடாம போட்டாரு, நான்தான வெட்டி வெட்டிக் குட்த்தேன். இன்னா ஆச்சு? சக்கரைக்குப் போட்றேன். இதத் தொட மாட்டேன்."

"இல்லம்மா, டாக்டரு சொன்னா போடணும்."

"நீ சும்மா இருண்ணே. பாத்தாச்சு, எல்லாத்தையும் பாத்தாச்சு."

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தேன். நீ ஒரு நாள் தவறாமல் மாத்திரை போட்டாய் என்ற பொய் இப்போது அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை எழுப்பி விரட்ட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறேன். உண்மையைச் சொன்னால் உன் மேல் அவள் வைத்திருக்கிற நம்பிக்கை போகும், என் மேல் வைத்திருப்பதும் போகும். சொல்லாவிட்டால் அவளே போய்விடலாம். மூன்று வாரம் இதையே நினைத்துக்கொண்டு திரிந்தேன். தப்பான அளவில் இரண்டு ஜாப் வெட்டி சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன். அந்த மூன்று வாரத்தில் அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறி டப்பாவை எடுத்தேன். உன் வீட்டுக் கூடத்தில் அவள் முன்னால் திறந்து வைத்தேன். அவள் உள்ளே கையை விட்டு ஒன்றை எடுத்தாள். வெட்டின சதுரம், மூலை வளைந்திருந்தது. யார் வெட்டியது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இது எங்க கெடச்சுது?"

"லாக்கர்ல. எட்டு மாசமா அவன் போடல செல்வி."

 உன்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன்.

"யாரு நிறுத்தச் சொன்னது?"

உன் தலையில் போட்டுவிட்டு வந்திருக்கலாம். நீ வந்து இல்லை என்று சொல்லப் போகிறாயா? ஒரு நொடி அப்படித்தான் தோன்றியது, மறைக்க மாட்டேன்.

"நான்தாம்மா."

"தெனம் அவரு டப்பாவுல போட்றத நீ பக்கத்துல குந்திகினு பாத்த."

"பாத்தேன்."

"நான் இங்க சாமிக்கு வெளக்கேத்திகினு கெடந்தேன்." அவள் குரல் ஏறவே இல்லை. "எந்திரிச்சிப் போ."

பத்து நாள் கழித்து ஒரு போன். டாக்டரிடம் போகிறாளாம், நான் வர வேண்டுமாம், நிறுத்திய கதையை நானே என் வாயால் சொல்ல வேண்டுமாம். என் வண்டியில் ஏறவில்லை. அவள் பஸ்ஸில் வந்தாள்.

டாக்டரிடம் சக் சாவி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் செல்வியைப் பார்த்துத்தான் பேசினார். "மாத்திரை போட்டதாலதாம்மா அந்த எண் இறங்குச்சு. நிறுத்தினா திரும்ப ஏறிடும். சதை வலி சில பேருக்கு வரும். வந்தா எங்கிட்ட சொல்லணும். ரத்தம் பார்த்துட்டு அளவைக் குறைப்போம், இல்ல வேற மாத்திரை மாத்துவோம். தாங்க முடியாத வலி, சிறுநீர் கருப்பா போறது, கண்ணு மஞ்சளாகுறது, இதுல எது வந்தாலும் அன்னைக்கே வந்துடணும். வேற எந்த டாக்டர்கிட்ட போனாலும், நாட்டு மருந்து சாப்பிட்டாலும், இது போடறேன்னு முதல்ல சொல்லுங்க."

செல்வி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நிறுத்தாம இருந்தா அவரு இருந்திருப்பாரா சார்?"

"அதை உறுதியா சொல்ல முடியாதும்மா. வாய்ப்பு கூடியிருக்கும். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

அந்த 'அவ்வளவுதான்' போதும் மாமே, நான் சாகிற வரைக்கும் சுமக்க. மறுநாள் மெஷினில் இரும்பின் மேல் சூட்டைத் தணிக்கிற கூலண்ட் பால் மாதிரி ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சூடு இல்லையே என்று யாராவது அதை நிறுத்துவோமா? அது ஒழுகுவதால்தானே சூடு இல்லை. முப்பது வருஷமாகக் கண்ணுக்கு முன்னால் ஓடுகிறது. உனக்குச் சொல்ல எனக்கு அது ஞாபகம் வரவில்லை, சாவிதான் ஞாபகம் வந்தது.

செல்வி மாத்திரை போட ஆரம்பித்தாள். ஐந்தாவது வாரம் மதியம் எனக்குப் போன் வந்தது. "கால் வலி வந்துச்சு. நிறுத்தல. டாக்டருக்குப் போன் பண்ணேன். வரச் சொல்லி, ரத்தம் பாத்து, அளவக் கம்மி பண்ணிகீறாரு. இப்ப பரவால்ல." சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ஷெட்டுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. ஒரே ஒரு போன். அதை உன்னைச் செய்ய விடாமல் நான் உட்கார்ந்து கதை அளந்தேன்.

அவளுடைய புதுத் தாளில் எச் இல்லை. அவள் மாத்திரையை விடவில்லை. நானும் போன மாதம் ரத்தம் கொடுத்தேன். எனக்கும் எழுதியிருக்கிறார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் என் வீட்டுக்காரி கண் முன்னால் விழுங்குகிறேன். அவளிடமும் எல்லாவற்றையும் சொல்லியாயிற்று. 

நேற்று உன் வருஷ திதி. எங்களைக் கூப்பிடுவாளோ மாட்டாளோ என்று இருந்தேன், கூப்பிட்டாள். பந்தியில் ஒவ்வொருவருக்கும் அவளே பரிமாறினாள். என் இலைக்கு வந்ததும் கரண்டியைத் தூக்கிப் பிடித்து, "உங்களுக்கு ரசம் ஊத்தட்டுங்களா?" என்றாள். வழியில் போகிறவரைக் கேட்கிற மாதிரி. பதினெட்டு வருஷம் என்னை நீ, வா, போ என்றவள். தலையை ஆட்டினேன். ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். நம் யூனிட்டில் எவனாவது நார்மல் ஆகிவிட்டது என்று மாத்திரையைத் தூக்கிப் போட்டால், உன் பேரையும் என் பேரையும் சொல்லி, நடந்ததைச் சொல்லி, கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போவேன். கேவலம்தான், பரவாயில்லை. செல்வியிடம் மன்னிப்பு கேட்டுத் தொந்தரவு செய்ய மாட்டேன். என்னை அண்ணே என்று கூப்பிடாமலேயே அவள் எண்பது வயது வரைக்கும் இருக்கட்டும்.

அவள் இல்லை என்று சொன்னாலும் அவளுக்கு அண்ணனும், அதனால் உனக்கு எப்போதும் மச்சானுமான,
தாமு