காகிதம் சுற்றிய விளிம்பு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். படகுப் பட்டறை வேலை உனக்கு ஒத்துக்கொள்கிறதா? குளிர் தாங்குகிறதா? அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. என்னோடு மட்டும் ஒரு வாரமாகப் பேச்சில்லை. ஏன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

இங்கே நம் பழைய பட்டறையில், அறிவியல் காட்சிக்கூடத்துக்கு மறுபடியும் மாதிரி ராக்கெட் செய்கிறோம். அதே இருபத்திரண்டு அடி, அதே கறுப்பு வெள்ளைப் பட்டைகள். பழைய அச்சுகளை எடுக்கப் போனபோது, முன்பு முறிந்துபோன ராக்கெட்டின் மேல் பாதி சரக்கறை மூலையில் கிடந்தது. உடைந்த விளிம்பில் நீ சுற்றிய காகிதத்தை மூன்று வருஷமாக யாரும் பிரிக்கவில்லை. நான் பிரித்தேன்.

நீ நான்கு மடிப்பு ஃபைபர் துணி வைத்து ஒட்டிய இடத்தில் ஒரு மடிப்புதான் மிச்சம். மற்றதெல்லாம் பெயின்டுக்கு முன் நான் பூசிய பட்டி மாவு.

அன்றைக்கு நான் பெயின்ட் அடிக்க வந்தபோது, இரண்டு பாதியும் சேரும் இடத்தில் விளக்கு வெளிச்சத்தில் ஒரு மேடு தெரிந்தது. உன்னிடம் கேட்டிருந்தால், சுற்றிலும் பட்டி போட்டுச் சரிவாக்கச் சொல்லியிருப்பாய். நீ சாப்பிடப் போயிருந்தாய். நான் அந்த மேட்டில் தேய்ப்பு மெஷினை வைத்து அழுத்தினேன். துணி தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை. பள்ளத்தைப் பட்டியால் நிரப்பி, பெயின்ட் அடித்து, கண்ணாடி மாதிரி ஆக்கினேன். பார்த்தவர்கள் எல்லாம் என் கைவேலையைப் புகழ்ந்தார்கள்.

ராக்கெட்டை நிமிர்த்தும்போது அங்கேதான் முறிந்தது. கயிறு பிடித்திருந்த தச்சருக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. முதலாளி உன்னிடம், "ஒட்டுறதுல அசட்டையா இருந்துட்டியேப்பா" என்றார். நீ குனிந்து முறிந்த இடத்தைப் பார்த்தாய். நான் ஸ்பிரே கன்னின் முனையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதில் துடைக்க ஒன்றுமே இல்லை.

உடனே நீ விளிம்பைக் காகிதத்தால் சுற்றினாய். அவமானத்தில் மறைக்கிறாய் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. இப்போதுதான் புரிகிறது. உள்ளே இருந்த பட்டியை நீ அன்றைக்கே பார்த்துவிட்டாய். முதலாளி கண்ணில் படுவதற்குள் மூடியிருக்கிறாய். அடுத்த மாசமே வேலையை விட்டு அவ்வளவு தூரம் போனாய். வழியனுப்ப வந்த நான், உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

போன திங்கட்கிழமை முதலாளியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். வெகுநேரம் விளிம்பைத் தடவிப் பார்த்தார். "அவன் வேலையில குத்தமே இல்லம்மா" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். தச்சர் வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். அவர் உட்காரச் சொன்னார். அவர் மனைவி சொல்லவில்லை. சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அதிலிருந்துதான் பேச்சில்லை.

ஒட்டு வேலைக்கு உன்னை விட்டால் ஆளில்லை, எழுதிக் கேள் என்கிறார் முதலாளி. வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. வருவதும் வராததும் உன் இஷ்டம். அக்கா இருக்கும் பட்டறைக்கு வர மாட்டேன் என்றால் அதையும் தயங்காமல் எழுது, நான் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன்.

இத்தனை நாளும் மாசம் தவறாமல் என் நலம் விசாரித்தே எழுதுகிறாய். ஒரு தடவையாவது என்னைத் திட்டி எழுது தம்பி. பசை வேலை செய்யும்போது மூக்கை மூடிக்கொள். நீ கை வைத்ததெல்லாம் உறுதியாக நிற்கட்டும்.

உன் அக்கா