நோன்னாவின் ஞானஸ்நானம்

அலெக்சாந்திரியா, தோத் மாதம்

என் அன்புக் கணவர் மூப்பர் ஹோரியோனுக்கு,

திதிமே எழுதுவது. நாங்கள் நலம். அந்தப் பாலைவனத்தில் நீங்களும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

நமக்கு மகள் பிறந்திருக்கிறாள். நோன்னா என்று கூப்பிடுகிறோம். காது அப்படியே உங்களுடையது.

நீங்கள் நாடு கடத்தப்பட்ட பிறகு கடைத்தெருவுக்குப் போவதே பாடாக இருக்கிறது. நேற்று ரொட்டிக்காரி கேட்டாள்: "ஏன்டி, தேவமகன் இல்லாத காலமும் இருந்துச்சுன்னு கோயில்ல பேசினானே உன் புருஷன். இப்ப புருஷன் இல்லாத காலம் எப்படி இருக்கு?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, ரொட்டி வாங்காமலே வந்துவிட்டேன்.

அண்ணன் சொல்கிறார்: "பிதாவும் மகனும் ஒரே தன்மைன்னு ஆயர்கள் கூடி எழுதின அறிக்கையில ஒரு கையெழுத்து. போட்டா திரும்பி வந்துரலாம்ல?" கோபப்படாதீர்கள். போட முடியாதா?

உங்கள் திதிமே

பாலைச்சோலை, ஹத்தூர் மாதம்

அன்பு திதிமே,

என் காதா? பாவம் குழந்தை. உன் கடிதத்தை ஒட்டகக்காரன் எதிரிலேயே படித்து அழுதேன். இங்கே பேரீச்சம்பழமும் மணல் கலந்த ரொட்டியும்தான். அது பழகிவிட்டது.

கையெழுத்து மட்டும் முடியாது. தந்தை தம்மைவிடப் பெரியவர் என்று ஆண்டவரே சொன்னதை எத்தனை பேருக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். இப்போது இல்லை என்று எழுதினால் எந்த முகத்தோடு உன் முன் நிற்பேன்?

இன்னொன்று. அந்த ஆயர்களின் கோயில் தண்ணீர் நோன்னாவின் மேல் படக் கூடாது. நான் வந்து ஞானஸ்நானம் கொடுப்பேன்.

ஹோரியோன்

அலெக்சாந்திரியா, மெக்கீர் மாதம்

அன்புள்ளவருக்கு,

நோன்னாவுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. பால் குடிக்கவில்லை. ஒரு பகல் கண்ணையே திறக்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் கோயிலுக்கு ஓடினேன். புதிய மூப்பர் வாசலை மறித்தார். "இவ அப்பன் யாருன்னு தெரியும். ஒரே தன்மைன்னு நீ சொல்லும்மா, அப்புறம் உள்ளே வா."

சொன்னேன். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஞானஸ்நானம் ஆயிற்று.

பிள்ளை பிழைத்துவிட்டாள். பயத்தில் சொன்னேன் என்று எழுதினால் மன்னித்துவிடுவீர்கள். ஆனால் சொல்லும்போது எனக்கு அது பொய்யாகப் படவில்லை. மறைத்தால் அதுதான் துரோகம்.

திதிமே

பாலைச்சோலை, பயினி மாதம்

திதிமேவுக்கு,

அரண்மனைக் காற்று எங்கள் பக்கம் திசை மாறிவிட்டது. கையெழுத்தில்லாமலே எங்களைத் திரும்ப விடுகிறார்கள். திராட்சை அறுவடைக்குள் வந்துவிடுவேன்.

நீ செய்ததைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் அது ஞானஸ்நானம் அல்ல. வந்ததும் என் கையால் அவளுக்கு முறைப்படி மறுபடி கொடுப்பேன். ஊரறியக் கொடுப்பேன். நீயும் பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஹோரியோன்

அலெக்சாந்திரியா, தோத் மாதம்

அன்புள்ளவருக்கு,

திராட்சை அறுவடை முடிந்துவிட்டது. நீங்கள் நகரத்துக்கு வந்து உங்கள் கூட்டத்தாரோடு தங்கியிருப்பதாக அண்ணன் சொன்னார். என் பதிலுக்காகக் காத்திருக்கிறீர்கள் போலும்.

நான் பக்கத்தில் நிற்க மாட்டேன். சாகக் கிடந்தவள் மேல் விழுந்த தண்ணீரை, அது வெறும் தண்ணீர் என்று ஊர் முன்னால் சொல்ல விட மாட்டேன். மற்றபடி இது உங்கள் வீடு. தகப்பனாக வாருங்கள். பருப்புக் கஞ்சி இருக்கிறது, உங்கள் பாயும் இருக்கிறது.

நோன்னாவுக்கு ஒரு வயதாகிவிட்டது, பேசத் தொடங்கிவிட்டாள். தாடி வைத்தவர் யார் வாசலில் நின்றாலும் "அப்பா" என்கிறாள். நான் திருத்துவதில்லை. கொஞ்ச நாளில் அவளே திருத்திக்கொள்வாள்.

திதிமே